வாப்பாவின் கப்பலும் நிலாவுக்குப் போன மூவரும்

சித்திரை முதல் நாள் அது. 1970ஆம் வருஷம். பூமாரி வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் பாயசம் வந்திருந்தது. சபுரா ஒரு தம்ளர் குடித்துவிட்டு, இன்னொரு தம்ளருக்குக் கையை நீட்டினாள். அப்போதுதான் ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது.

"நிலாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அமெரிக்க விண்கலத்தில் பிராணவாயுத் தொட்டி வெடித்துவிட்டது. அதில் இருக்கும் மூன்று பேரும் நிலாவில் இறங்காமல் பூமிக்குத் திரும்ப முயல்கிறார்கள்..."

பாயசம் கேட்ட கை அப்படியே நின்றது.

சங்கரன்கோவிலில் அந்தத் தெருவுக்கே ஒரு ரேடியோதான். சபுராவின் வாப்பா யாகூப் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. சாயங்காலமானால் எதிர்வீட்டுப் பூக்கடை சங்கரசுப்பு அண்ணாச்சி செய்தி கேட்க வந்துவிடுவார். கூடவே அவர் மகள் பூமாரியும் வருவாள். அவளும் சபுராவும் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. சபுராவின் மாமா மகன் பீரும் வருவான். அவன் எட்டாம் வகுப்பு. அதனால் உலகத்தில் எல்லாமே தெரிந்தவன் மாதிரி பேசுவான். அன்றைக்கும் வந்திருந்தான்.

"விண்கலம் இந்துமாக்கடலில் இறங்கக்கூடும் என்று தெரிகிறது" என்றது ரேடியோ.

பீர் சபுராவின் காதருகே குனிந்தான்.

"ஏட்டி, யாகூப் மாமா கப்பல் இப்ப அங்கனதானே போவுது?"

வாப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். பம்பாயிலிருந்து மொரீஷியஸுக்குக் கிளம்பியிருந்தார்.

"மேலேருந்து நெருப்பாட்டம் வந்து விழும். கப்பல் மேல விழுந்துட்டுன்னா அவ்வளவுதான்" என்று பீர் கிசுகிசுத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "விழாது, விழாது. சும்மா சொன்னேன்" என்றான்.

சொன்னது சொன்னதுதான். சபுரா அடுப்படியை எட்டிப் பார்த்தாள். உம்மா ஜுலைகா பீவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உம்மாவுக்கு இது ஆறாம் மாதம். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

'நல்லவேளை, உம்மாவுக்குக் கேட்கவில்லை' என்று சபுரா நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவளுக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் வானத்திலிருந்து ஏதோ எரிந்துகொண்டே வந்தது. கீழே வாப்பா ஒன்றும் தெரியாமல் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்துக்கு அருகே போய் நின்றாள். இந்துமாக்கடல் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கிட்டத்தட்டக் கடல் முழுவதும் மறைந்துவிட்டது. இவ்வளவு சின்ன இடமா? இதற்குள் விழுந்தால் வாப்பா எங்கே விலகிப் போவார்?

பயம் இரண்டு மடங்கானது.

அன்று சாயங்காலம் செய்தி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், யாரும் இல்லாத சமயம் பார்த்து ரேடியோவின் பின்பக்க மூடியைத் திறந்தாள். பேட்டரிகளை எடுத்துத் தன் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூடியை மறுபடி மாட்டினாள். செய்தி வந்தால்தானே உம்மா காதில் விழும்?

சங்கரசுப்பு அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். குமிழைத் திருகினார். சத்தமே இல்லை.

"பேட்டரி தீந்துட்டு போல" என்றார்.

"போன வாரந்தானே அண்ணாச்சி புதுசு போட்டோம்?" என்றாள் உம்மா. ரேடியோவை ஒரு தட்டுத் தட்டினாள். இன்னொரு தட்டுத் தட்டினாள். உம்மாவுக்கு ஒருநாளும் செய்தியில் இவ்வளவு அக்கறை இருந்ததில்லை.

"சரி, நான் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில கேட்டுட்டு வாரேன்" என்று அண்ணாச்சி எழுந்து போனார்.

மறுநாள் காலையில் பூக்கூடையோடு போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "நான் போகதுக்குள்ள செய்தி முடிஞ்சுட்டு. மூணு பேரும் உசுரோடதான் இருக்காங்கன்னு பேசிக்கிட்டாவ."

எந்தக் கடல் என்று சபுரா கேட்கவில்லை. கேட்டால் உம்மாவுக்குத் தெரிந்துவிடும். உம்மாவும் எதையோ கேட்க வாயெடுத்தாள். சபுராவைப் பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சபுராவால் அடக்க முடியவில்லை. பூமாரியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பேட்டரியை எடுத்ததையும் சொன்னாள்.

பூமாரி கண்ணை விரித்தாள். "படத்துல கடல் உன் கை அகலந்தான் இருந்துச்சா? கப்பல் எவ்வளவு இருந்துச்சு?"

"கப்பலா? அது படத்துல இல்லியே."

சொல்லிவிட்டு சபுரா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். ஆமாம், ஒரு புள்ளியாகக்கூட அது இல்லை. அவ்வளவு சின்னதா கப்பல்?

"வாட்டி, போட்டுப் பாப்போம்" என்று பூமாரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

முற்றத்தில் வாப்பாவின் நீலக் கைலியை விரித்தார்கள். அதுதான் கடல். நடுவில் ஒரு கடுகை வைத்தார்கள். அதுதான் கப்பல். மச்சுப்படியில் ஏறி நின்று சபுரா ஓர் எள்ளைக் கீழே போட்டாள். எள் எங்கோ போய் விழுந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் தள்ளி விழுந்தது. வேண்டுமென்றே குறிபார்த்துப் போட்டாள். அப்போதும் படவில்லை.

"விழ மாட்டேங்குதே!" என்று பூமாரி கைதட்டினாள்.

சபுராவுக்கு மூச்சு கொஞ்சம் இலேசானது. அந்த நேரம் பார்த்து உம்மாவின் சிவப்புக் கோழி ஓடி வந்தது. எள்ளையெல்லாம் கொத்தித் தின்றது. கடைசியில் கடுகையும் ஒரே கொத்தாகக் கொத்தி விழுங்கிவிட்டது.

"ஏட்டி! உங்க வாப்பா கப்பல கோழி தின்னுட்டுட்டி!" என்று பூமாரி கத்தினாள்.

முதலில் இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்த சபுரா திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

சத்தம் கேட்டு உம்மா வந்தாள். "என்னட்டி? யாரு கப்பல யாரு தின்னா?"

இனி மறைக்க முடியாது. விண்கலம், இந்துமாக்கடல், பேட்டரி எல்லாம் விக்கலோடு சேர்ந்து வெளியே வந்தன.

உம்மா மெதுவாக முதல் படியில் உட்கார்ந்தாள்.

"அடுப்படியில இருந்தா எனக்குக் காது கேக்காதா புள்ள? நானும் அன்னைக்கே கேட்டுட்டேன். நீ பயந்துருவேன்னுதான் வாயத் தொறக்கல. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல."

உம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சபுரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உம்மா அழுதால் அவள் எப்படி அழுவது? ஓடிப்போய் இன்னொரு கடுகு எடுத்து வந்து நீலக் கைலியின் நடுவில் வைத்தாள். உம்மாவின் உள்ளங்கையில் கொஞ்சம் எள்ளைக் கொட்டினாள்.

"நீங்களே போட்டுப் பாருங்கம்மா. பூமாரி, நீ கோழியப் பிடிச்சுக்க."

உம்மா போட்டாள். படவில்லை. மறுபடி போட்டாள். படவில்லை. கையிலிருந்த எள் தீரும்வரை போட்டாள்.

"கடல் இதவிடப் பெரிசும்மா. கப்பல் இதவிடச் சின்னது" என்றாள் சபுரா.

உம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, பேட்டரிய எடுத்துட்டு வா. தெருவுல எல்லாரையும் நீயே போய்க் கூப்பிடணும்" என்றாள்.

சபுரா வீடு வீடாகப் போனாள். "நான்தான் எடுத்து வச்சேன் அண்ணாச்சி" என்று தலைகுனிந்து சொன்னாள். சங்கரசுப்பு அண்ணாச்சி ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு, "நேத்து டீக்கடையில ரெண்டு டீ குடிச்சுட்டுப் படுத்தேன். தூக்கமே வரல. அது உன்னாலதான்" என்றார்.

அன்று சாயங்காலம் ரேடியோ சொன்னது: "விண்கலத்தின் பாதை மாற்றப்பட்டுவிட்டது. அது பசிபிக் கடலில் இறங்கும்."

சபுரா குதித்தாள். உம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள்.

"ரஷ்யா உட்படப் பல நாடுகள் வீரர்களை மீட்கத் தங்கள் கப்பல்களைத் தருவதாக அறிவித்துள்ளன. வீரர்கள் பேசும் அலைவரிசையில் குறுக்கிட மாட்டோம் என்றும் ரஷ்யா கூறியுள்ளது."

"ரஷ்யாவா? அவங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுல்லா?" என்றான் பீர்.

"ஆகாதுதான். யாரு நிலாவுக்கு முந்திப் போகதுன்னு போட்டி போட்டவங்கதான்" என்றார் அண்ணாச்சி. "இப்ப மூணு உசுரு அந்தரத்துல தொங்குதே! போட்டிய எவன் நெனைப்பான்?"

சபுரா குதிப்பதை நிறுத்திவிட்டாள். மேலே குளிரில், மூச்சுவிடும் காற்றை அளந்து அளந்து விட்டுக்கொண்டு மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு நாளாக அவள் அவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை. அவர்களுடைய வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கும் தூக்கம் பிடிக்காது.

அவளுக்கு மறுபடியும் பயம் வந்தது. இந்தத் தடவை அது வாப்பாவுக்காக இல்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் அடிக்கடி வானத்தைப் பார்த்தாள். பூமாரியும் பார்த்தாள். பீர்கூட யாருக்கும் தெரியாமல் பார்த்தான்.

சனிக்கிழமை காலையில் ரேடியோவைச் சுற்றி உட்கார இடமில்லை. பிள்ளைகளின் வாயை அம்மாக்கள் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"மூன்று வீரர்களும் பத்திரமாகக் கடலில் இறங்கினார்கள்."

அதற்கு மேல் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு சத்தம்! அண்ணாச்சி கடைக்குக் கட்டி வைத்திருந்த மல்லிகைச் சரத்தை நறுக்கி எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தார்.

ஆடி மாதம் வாப்பா வந்தார். சபுராவுக்குத் தம்பி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வாப்பா கேட்டார்: "நான் செத்துப்போவேன்னா ரெண்டு பேரும் அழுதீங்க?"

"நீங்க பயப்படலியா வாப்பா?"

"பயந்தேன். எங்க கேப்டன் வானத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. இங்கன விழுந்தா நாமதான் போய்த் தூக்கணும்னு சொன்னாரு. எனக்கு நீச்சல் சரியா வராது. நான் என்ன செய்ய?"

"என்ன செஞ்சீங்க?"

"மூணு பேருக்குச் சேத்து உலை வச்சேன்."

சபுரா வாப்பாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"குழம்புல காரத்தக் கொறச்சீங்களா வாப்பா? அவங்க நம்ம ஊருக்காரங்க இல்லல்லா!"

வாப்பா சிரித்த சிரிப்பில் தம்பி விழித்துக்கொண்டான்.