மின்விசிறிக்கு அடியில் நின்றவர்

“லேட்டா அடிச்சது நீங்க. பழியை மட்டும் அந்தப் பொண்ணு மேல போடாதீங்க அத்தான்.”

“நானா லேட்டு? இத்தனை வருஷமா இந்த டிரம்ஸ் பின்னால உக்காந்திருக்கேன் மாப்ளே. என்னிக்காவது தப்பா அடிச்சிருக்கேனா?”

“இன்னிக்கு அடிச்சீங்களே. இப்பத்தான்.”

இந்தச் சண்டை நடந்தது என் வீட்டுக்கு நேர் கீழே, வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடையின் பின்னறையில். நான் மாடியில் குடியிருக்கிறேன். ஒட்டுக்கேட்கும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் அவர்கள் கூரைதான் என் வீட்டுத் தரை. காது தானாகக் கீழே இறங்கிப் போனால் நான் என்ன செய்ய முடியும்?

அன்றைக்கு என் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை அதிர்ந்து விழுந்து கைப்பிடி உடைந்தது. கீழே போவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது மிகவும் வசதியாகப் போயிற்று. உடைந்த கைப்பிடியோடு இறங்கிப் போய்ப் பின்னறை வாசலில் நின்றேன். என்னை யாரும் கவனிக்கவில்லை. கைப்பிடியைப் பையில் போட்டுக்கொண்டு, ஓரமாகக் கிடந்த ஒரு பழைய மெஷின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். டிரம்ஸுக்குப் பின்னால் சிவந்த முகத்தோடு இருந்தவர் கடைக்காரர். எங்கள் தெருவில் அவர் பெயர் மெக்கானிக். அவரை எதிர்த்துப் பேசியவர் அவர் மனைவியின் தம்பி, எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர். ஆளும் ஒல்லி, வாசிப்பதும் கம்பி என்பதால் அவரைக் கம்பி என்றே கூப்பிடுவோம். சுவரோரம் பேஸ் கிட்டாரோடு நின்றவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அதனால் பூனை.

இந்த மூவரும் வாசிப்பது ஹார்ட் ராக். கேட்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? முதலில் தூரத்தில் ஏதோ உறுமும். பிறகு டிரம்ஸ் விழும் ஒரே ஒரு நொடியில் மலையே உருண்டு உங்கள் மடியில் வந்து உட்கார்ந்துவிடும். எதிர்வீட்டு நாய் இந்த இசைக்கு முதல் எதிரி. அவர்கள் தொடங்கினால் அதுவும் தொடங்கும்.

குழுவுக்கு நான்காவதாக ஒரு பாடகர் இருந்தார். தோள்வரை புரளும் முடி. அதனால் சிங்கம். முடி பறக்க வேண்டும் என்பதற்காக மின்விசிறிக்கு நேர் அடியில்தான் நின்று பாடுவார். வேறு இடத்தில் நிற்கச் சொன்னால் தொண்டை சரியில்லை என்பார். போன மழைக்காலத்தில் பெரிய நகரத்துப் பெரிய குழு ஒன்று கூப்பிட்டது. சிங்கம் சீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஒரு ஆல்பத்துக்கு வேண்டிய பாட்டுகள் எல்லாம் தயார்; பாடத்தான் ஆள் இல்லை.

அவருக்குப் பதிலாக வந்தவர்தான் நீச்சல் டீச்சர். குட்டை முடி, அகலமான தோள், நீச்சல் குளத்தின் மறுகரை வரை எட்டும் குரல். அவரைக் கண்டுபிடித்தது மெக்கானிக்கின் மகள். பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு இருந்தாளாம், அதனால் நட்டு என்று பெயர். இப்போது வயது பத்து. அந்தக் குளத்தில்தான் அவளும் நீச்சல் கற்றுக்கொள்கிறாள். ஒரு நாள் டீச்சர் குளத்தைக் கழுவிக்கொண்டே பாடியதைக் கேட்டுவிட்டு ஈரத் தலையோடு கம்பி மாமாவிடம் ஓடி வந்தாள்.

என் கோப்பை உடைந்த அன்றைக்குத்தான் பதிவு. கம்பி யாரிடமோ கெஞ்சிப் பதிவுக் கருவியை இரவல் வாங்கி வந்திருந்தார். சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். காலையிலிருந்து ஒரு பாட்டுகூடத் தேறவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் அந்த மலை உருளும் நொடி வரும்போது டீச்சரின் குரல் ஒரு பக்கம் போகிறது, டிரம்ஸ் இன்னொரு பக்கம் வருகிறது. இரண்டும் வாசலில் முட்டிக்கொள்ளும் ஆட்களைப் போலத் தடுமாறி நிற்கின்றன.

மெக்கானிக் குச்சிகளைக் கீழே வைத்தார்.

“போதும் மாப்ளே. சிங்கத்தோட போச்சு நம்ம குழு. அந்த ரெக்கார்டிங் மெஷினைத் திருப்பிக் குடுத்துட்டு வா. கலைச்சிடலாம்.”

“கலைச்சுட்டு? நீங்க வாஷிங் மெஷினைத் தட்டுங்க, நான் வேற ஊரு பாத்துப் போறேன். அக்காகிட்ட சொல்லிடுங்க” என்றார் கம்பி.

பூனை தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு வருத்தம் வந்தால் அதுதான் அடையாளம்.

டீச்சர் கதவோரம், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நட்டு மெல்லப் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“போறீங்களா டீச்சர்?”

“என் குரல்தான் சரியில்ல போலக் கண்ணு. அவர் பாட்டை நான் பாடினது தப்பு.”

நட்டுவின் முகம் சுருங்கியது. கூட்டி வந்தவள் அவள். டீச்சர் தலைகுனிந்து போனால் நாளைக்குக் குளத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியுமா? மாமா வேறு பெட்டி கட்டுவேன் என்கிறார்.

ஆனால் அவள் அழவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். பழுதான மெஷினை அவள் அப்பா பார்ப்பாரே, எங்கே சிக்கல் என்று தலையைச் சாய்த்து, அதே பார்வை. டிரம்ஸைப் பார்த்தாள். அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்று பார்த்தாள். பிறகு மூலையில் சாய்த்து வைத்திருந்த தரை துடைக்கும் மாப்பை எடுத்தாள்.

“மாமா, கடைசியா ஒரே ஒரு தடவை வாசிங்க. டீச்சர், நீங்க செருப்போடயே பாடுங்க. பரவாயில்ல.”

“மாப் எதுக்குடி?” என்றார் மெக்கானிக்.

“தரை அழுக்கா இருக்குப்பா.”

மின்விசிறியைச் சுழலவிட்டு, அதன் அடியில் போய் நின்றாள். மாப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். வெள்ளை நூல்கள் காற்றில் பறந்தன. இவளுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

பாட்டு தொடங்கியது. கம்பியின் கிட்டார் உறுமியது. டீச்சர் கதவோரத்திலிருந்து பாடிக்கொண்டே வந்தார். அந்த நொடி நெருங்கியதும் நட்டு மாப்பை ஒரே வீச்சாகப் பின்னால் உதறினாள்.

டிரம்ஸ் விழுந்தது. இம்மி பிசகாமல் விழுந்தது.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மெக்கானிக் தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

விஷயம் இதுதான். பாட்டு உச்சிக்குப் போகும் முன் சிங்கம் முடியைப் பின்னால் உதறுவார். மெக்கானிக் அதைப் பார்த்து அடிப்பார். இத்தனை வருஷமும் அவர் மனதுக்குள் தாளம் எண்ணுகிறார் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். அவரும் நம்பியிருந்தார். மனிதர் எண்ணியது ஒரு தலைமுடியை. இப்போது அந்த முடி இல்லை. ஆனாலும் கண் அங்கேயே போய், வராத முடிக்காகக் காத்திருந்து, பிறகு அவசரமாக அடித்திருக்கிறது. டிரம்ஸ் வரவில்லையே என்று டீச்சரும் தயங்கியிருக்கிறார்.

கம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அத்தான், சிங்கம் மொட்டை போட்டிருந்தா அன்னிக்கே நம்ம கதை முடிஞ்சிருக்கும்.”

மெக்கானிக்குக்குச் சிரிக்கவா கோபப்படவா என்று தெரியவில்லை.

“சரி, இப்ப வருதில்ல. நட்டு அங்கயே நிக்கட்டும். மாப்பை ஆட்டட்டும். பதிவை முடிச்சிடலாம்” என்றார்.

டீச்சர் தலையசைத்தார். ஆனால் அவர் முகத்தில் வெளிச்சம் இல்லை. நட்டு அதையும் பார்த்துவிட்டாள்.

“அப்பா, பாடுறது டீச்சர். நீங்க மாப்பைப் பாத்து அடிச்சா எப்படி?”

“டிரம்ஸ் இந்தப் பக்கம்தானே பாத்திருக்கு? டீச்சர் என் முதுகுக்குப் பின்னால நிக்கிறாங்க. ஃபேன் காத்து தொண்டையைக் கட்டுதாம்.”

“அப்ப டிரம்ஸைத் திருப்புங்க.”

எல்லோரும் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அடிக்க அடிக்க டிரம்ஸ் முன்னால் நகர்ந்து போகும். அதனால் மெக்கானிக் அதை ஒரு பலகையில் பூட்டி, பலகையைத் தரையோடு போல்ட் போட்டு முறுக்கியிருந்தார். சிங்கம் போன பிறகு அந்தப் பலகையைக் கழற்றலாம் என்று கம்பி சொன்னபோதெல்லாம், அது அப்படியே இருக்கட்டும் என்பார். மின்விசிறிக்கு அடியில் ஒரு வயரைக்கூட வைக்க விடமாட்டார். இடம் காலியாகவே இருக்க வேண்டும். முதுகுவலி, குனிய முடியாது என்று என்னிடம் காரணம் சொல்லியிருந்தார். நானும் நம்பி அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன்.

நட்டு மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“சிங்கம் மாமா திரும்பி வருவாருன்னு வச்சிருக்கீங்களாப்பா?”

மெக்கானிக் குச்சியை உருட்டிக்கொண்டே இருந்தார். ஆம்ப்ளிஃபயர் மட்டும் ம்ம்ம் என்று ரீங்காரம் போட்டது.

“வர மாட்டான்” என்றார் கடைசியில். “போகும்போதே தெரியும்.”

“எனக்கும் அவரைப் பிடிக்கும்பா” என்றாள் நட்டு. பிறகு சட்டென்று கையை நீட்டினாள். “ஸ்பேனர் குடுங்க.”

அவர் எழுந்துபோய்த் தானே ஸ்பேனரை எடுத்து வந்தார். அப்பாவும் மகளும் குனிந்து போல்ட்டுகளைக் கழற்றினார்கள். எங்கே போயிற்றோ அந்த முதுகுவலி. கம்பியும் பூனையும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, பலகை கிறீச்சென்று திரும்பியது. டிரம்ஸ் முதல் தடவையாகக் கதவைப் பார்த்து உட்கார்ந்தது.

“எனக்கு முடி இல்லையே அண்ணே. எதைப் பாத்து அடிப்பீங்க?” என்றார் டீச்சர்.

நட்டுதான் பதில் சொன்னாள். “குளத்துல எங்க எல்லாரையும் ஒண்ணாக் குதிக்க வைப்பீங்களே, அதைச் செய்யுங்க டீச்சர்.”

டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்தார். செருப்பைக் கழற்றி வாளியடியில் தள்ளினார். நிமிர்ந்து நின்று, வலது கையை மெல்ல உயர்த்தி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையில் இருந்த எல்லோரும் கூடவே மூச்சை இழுத்தோம். நானும்தான். என் மூச்சை யாரும் கேட்கவில்லை, ஆனாலும்.

கம்பி பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல, இத்தனை பேசுகிற எனக்கே வார்த்தை போதவில்லை. கிட்டார் உறுமியது. அதன் அடியில் பூனையின் பேஸ், பூமிக்குள்ளிருந்து வருவதுபோல. அதற்கு மேல் டீச்சரின் குரல் ஏறியது, ஏறியது, இன்னும் ஏறியது. கை உயர்ந்தது. ஒரு மூச்சு. அந்த மூச்சில் உலகமே குளத்தின் விளிம்பில் கால்விரலை ஊன்றி நின்றது.

கை இறங்கியது. எல்லோரும் சேர்ந்து குதித்தார்கள்.

என் கையில் இருந்த ரோமமெல்லாம் எழுந்து நின்றது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. முன்னறையில் வரிசையாக நின்ற மெஷின்களின் மூடிகள் ஒன்றாகத் தாளம் போட்டன. வெளியே ஒருவர் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றியபடி நின்றார். அவர் பிடித்திருந்த பையிலிருந்து வெங்காயம் ஒவ்வொன்றாக உருண்டதை அவர் கவனிக்கவே இல்லை. எதிர்வீட்டு நாய் வாசலுக்கு வந்தது, காதை நிமிர்த்தியது, சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டது.

பாட்டு முடிந்தபோது யாரும் பேசவில்லை. அந்த அமைதியில், முன்னறையில் பல நாளாக ஓடாமல் கிடந்த ஒரு வாஷிங் மெஷின், அதிர்வில் எந்த வயர் எங்கே ஒட்டியதோ, விர்ரென்று தானாகச் சுழல ஆரம்பித்தது.

கம்பி நிறுத்தப் பாய்ந்தார். மெக்கானிக் தடுத்தார்.

“இருக்கட்டும் மாப்ளே. அதுவும் பதிவாகட்டும்.”

சாயங்காலத்துக்குள் எல்லாப் பாட்டும் முடிந்தது. அந்த ஆல்பம் பிற்பாடு எங்கெங்கோ போயிற்று. கடல் தாண்டியும் கேட்டார்களாம். இன்றைக்கும் ராக் பிரியர்கள் முதல் பாட்டின் முடிவில் வரும் அந்த விர்ர் சத்தம் எந்த அபூர்வ வாத்தியம் என்று தங்களுக்குள் சண்டை போடுகிறார்களாம். எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் யார் கேட்கிறார்கள்?

அட்டைப்படத்தில் ஆட்கள் யாரும் இல்லை. ஒரு மின்விசிறி, அதற்கடியில் முடி பறக்க நிற்கும் ஒரு மாப்.

பிறகு என்ன ஆயிற்று என்றா? கம்பி வேறு ஊர் போகவில்லை. போனது எதிர்வீட்டுக்காரர், நாயை மட்டும் எங்கள் தெருவிலேயே விட்டுப் போனார், அது வர மறுத்துவிட்டதாம். பூனை ஒரு நாள் வாயைத் திறந்து டீச்சரிடம் ஏதோ ஒரு வாக்கியம் பேசியிருக்கிறார். அது என்ன வாக்கியம் என்று அறிய நான் எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது.

கடை வாசலில் பந்தல் போட்டு நடந்த அந்தக் கல்யாணத்துக்குச் சிங்கமும் வந்திருந்தார். முடியெல்லாம் கொட்டித் தலை பளபளவென்று இருந்தது. மெக்கானிக் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். இருவர் கண்களும் கலங்கியிருந்தன. நட்டு அவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், ஆணியில் மாட்டியிருந்த மாப்பைக் காட்டினாள்.

“உங்களுக்குப் பதிலா வந்தவர் இவர்தான் மாமா.”

சிங்கம் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து தன் பழைய சீப்பை எடுத்து, அதன் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்.