நிறுத்துமானி சொன்ன பக்கம்

அன்று தூத்துக்குடி கடற்கரைச் சாலை நூலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓய்வுபெற்ற சார்பதிவாளர் தெய்வசிகாமணி. அவர் மனைவி சந்தனமாரி. நூலகர் ஜெசிந்தா. நான்காவது ஆள் பால்துரை. தெய்வசிகாமணியின் மகளை மருமகளாக்கிக்கொள்ளப் போகிறவர். இருந்திருக்கக் கூடாதவர் அவர்தான். தெய்வசிகாமணி நிறுத்துமானியின் முன் உட்கார்ந்த நேரம் பார்த்தா அந்த மனிதர் படியேறி வர வேண்டும்?

நிறுத்துமானி என்ற இயந்திரம் ஒரு பக்கத்தை வாசிக்கத் தரும். கண் எங்கே தயங்குகிறது, எந்த வரிக்குத் திரும்பி ஓடுகிறது என்று பார்க்கும். பிறகு அந்தப் புத்தகத்தை வாசிப்பவர் எத்தனையாவது பக்கத்தில் மூடிவைப்பார் என்று சொல்லிவிடும். பதினோரு வருடமாக ஒரு முறைகூடப் பிசகியதில்லை என்று அரசுக்குப் பெருமை. பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போது ஜாதகத்தோடு நிறுத்தப்பக்கத்தையும் கேட்கிறார்கள்.

தெய்வசிகாமணிக்கு இயற்பியல் கற்க ஆசை. பிறருடைய வீட்டுக்கும் வயலுக்கும் நான்கெல்லை சரிபார்த்தே முப்பத்துநாலு வருடம் போயிற்று. இந்த அண்டத்துக்கு எல்லை எது என்று ஒரு நாள் தோன்றியது, தோன்றியது போகவில்லை. ஓர் ஆசிரியரிடம் போய்க் கைகட்டி உட்கார அவரால் ஆகாது. தானே படித்துக்கொள்வது என்று முடிவு.

"முதல்ல இதை எடுங்க சார்," என்று ஜெசிந்தா மெல்லிய நூல் ஒன்றை நீட்டினாள். "அறுபது பக்கம். உங்களுக்கு அறுபதும் முடியும்னு காட்டுது."

"இதுல ஒரு சமன்பாடாவது இருக்கா?"

"இல்ல சார். ஆப்பிள் படம் இருக்கு."

"நான் என்ன பால்குடிக்கிற பிள்ளையாம்மா?"

இரண்டாவது நூலில் சமன்பாடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் 'பயப்படாதீர்கள்' என்று எழுதியிருந்தது. அதை அவர் மேசைமேல் குப்புறப் போட்டார்.

"எங்க வீட்டுல எவனும் எதுக்கும் பயந்ததில்லை."

மூன்றாவது, 'பருப்பொருளும் பெருவெளியும்: தானே கற்பவருக்கு'. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இதுதான் குடும்பத்துக்கு ஏற்ற கனம் என்று பட்டது. நிறுத்துமானியின் பலகையில் எண் எழுந்தது: 23.

பால்துரை தொண்டையைச் செருமினார். "இதே புத்தகம்தான் சம்பந்தி நானும் வாங்கியிருக்கேன். எனக்கு நூத்திநாப்பது காட்டுச்சு. அதனால என்ன, மனசுல வச்சுக்கிடாதீய."

சந்தனமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா வருத்தமா என்று தெய்வசிகாமணி திரும்பிப் பார்க்கவில்லை.

"அச்சடிம்மா," என்றார்.

அச்சுப்பேழை மூன்று நிமிடத்தில் புத்தகத்தைச் சுடச்சுடத் தள்ளியது.

பக்கத்துக்கு ஒரு நாள் ஆயிற்று. சில பக்கங்களுக்கு மூன்று நாள். நிறையும் எடையும் தலைக்குள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. கோபம்தான் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது. இருபத்துமூன்றாம் பக்கம் இப்படி முடிந்தது: 'எல்லாத் திசையிலும் விண்மீன்கள் முடிவில்லாமல் இருந்தால், எங்கே பார்த்தாலும் பார்வை ஒரு விண்மீனில் போய் முட்ட வேண்டும். வானம் முழுவதும் சூரியனைப்போல எரிய வேண்டும். அப்படியிருக்க, இரவு ஏன் இருட்டாக இருக்கிறது?'

தெய்வசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அறுபத்தெட்டு வருடமாக இருட்டைப் பார்த்தவர். ஒரு நாளும் இதைக் கேட்கத் தோன்றவில்லையே! தாளைத் திருப்பினார்.

வெற்றுத்தாள். அடுத்ததும் வெற்றுத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வரை ஓர் எழுத்து இல்லை.

மறுநாள் நூலகத்தில் ஜெசிந்தா அமைதியாகச் சொன்னாள். "யாரும் வாசிக்காத பக்கத்துக்கு மை எதுக்கு சார்? அவங்கவங்க நிறுத்தப்பக்கம் வரைக்கும்தான் அச்சாகும். மீதித் தாள் கனத்துக்கு. அலமாரியில பார்க்க நல்லா இருக்கணும்ல?"

"பத்திரத்துல வெத்துப் பக்கம் விட்டா குறுக்குக் கோடு போட்டுக் கையெழுத்து வாங்குவோம். இல்லேன்னா அதுக்குப் பேரு மோசடி."

"நாலு லட்சம் புத்தகம் குடுத்திருக்கோம். இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல சார்."

நாலு லட்சம் பேர். ஒருவர்கூட அடுத்த தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. எண்ணைக் கேட்டார்கள், அந்த இடத்தில் மூடிவைத்தார்கள். இயந்திரம் பிசகாத சூட்சுமம் இதுதானா?

"சரி, இரவு ஏன் இருட்டா இருக்கு? அதையாவது சொல்லு."

"இந்தப் புத்தகத்துல எனக்குப் பதினேழு பக்கம்தான் சார்," என்றாள் ஜெசிந்தா, தலையைக் குனிந்துகொண்டு.

அரசுக்கு நான்கு பக்க நீளத்தில் புகார் எழுதினார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் முறையீடு ஏற்கப்பட்டது. தாங்கள் 24ஆம் பக்கத்தில் வாசிப்பை நிறுத்தியதாகத் தெரியவருவதால் தங்கள் எண் 24 எனத் திருத்தப்படுகிறது. அப்பக்கம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.' இணைத்த தாளில் ஒரு கறுப்புச் சதுரம். அதன் கீழே 'இரவு வானம்'.

"எதுக்குங்க இந்த வீம்பு?" என்றாள் சந்தனமாரி. "அவுக வீட்டுல அதே புத்தகம் நூத்திநாப்பது பக்கம் இருக்குல்லா? கேட்டா குடுப்பாவ."

"கேட்டா, என் தரம் இருபத்துமூணுதான்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. நாளைக்கு நம்ம பொண்ணு அந்த வீட்டுல தலைநிமிந்து நடக்கணுமா வேண்டாமா?"

"அப்ப இருட்டு ஏன்னு தெரியாமலே இருங்க."

இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் மாலை, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, நான்கு தெரு தள்ளியிருந்த பால்துரை வீட்டுக்கு நடந்தார். உட்காரவில்லை.

"அந்தப் புத்தகத்தைக் குடுங்க சம்பந்தி. எனக்கு இருபத்துமூணுக்கு மேல இல்லை."

பால்துரை ஏனோ மகிழவில்லை. உள்ளே போனவர் வெகுநேரம் கழித்தே வந்தார்.

பதில் இருபத்தாறாம் பக்கத்தில் இருந்தது. அண்டத்துக்கு ஒரு வயது உண்டு. மிகத் தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளி நம்மிடம் வந்து சேர அந்த வயது போதவில்லை. அதனால்தான் இருட்டு.

நூற்றுநாற்பது பக்கம் கற்ற பால்துரைதான் அன்று இதைச் சம்பந்திக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தவறு. அந்தப் புத்தகத்தின்மேல் அச்சுப்பேழை சுற்றிக் கொடுத்த கண்ணாடித்தாள் அப்படியே இருந்தது. கிழித்தவர் தெய்வசிகாமணி.