குட்டையைத் தூர்த்த வீடு

மழை இன்னும் இறங்கவில்லை. அதற்குள் கூடத்து டைல்ஸ் வியர்த்திருந்தது. பலராமன் காலால் தேய்த்தான். தேய்த்த இடம் மறுபடி நனைந்தது. ஃபினாயிலுக்கு அடியிலிருந்து சேற்று வாடை வந்தது, எருமை கலக்கிய குட்டையின் வாடை.

"கொத்தனாரு பய சிமெண்ட்ல கைய வெச்சிட்டான்" என்றான். அவன் கணக்கில் ஊரில் ஒருத்தனும் யோக்கியன் இல்லை.

முதலியார்பேட்டையில் அந்தக் குட்டையைக் கோடையில் வாங்கித் தூர்த்தவன் அவன்தான். தூர்த்த மண் ஒரு மழை குடித்து அமுங்கிய பிறகுதான் கடைக்கால் போடுவார்கள். பக்கத்து வீட்டுக் கடைக்காரர் சிராஜுதீன் அப்போதே சொன்னார்.

"அடியில இருக்குற வண்டலயாவது வாரிடுங்கண்ணே. மாட்டுத் தவள வெயில் காலம் பூரா அதுக்குள்ளதான் பொதஞ்சி கெடக்கும். மொத மழைக்கு மஞ்சளாயி மேல வந்து, கழுத்துல ரெண்டு பக்கமும் நீலப் பை உப்பக் கத்தும்."

"வந்தா உன் கடை கல்லாவுல உக்கார வெச்சிக்க, பாய்."

வாரவில்லை. மழைக்கும் காத்திருக்கவில்லை. வண்டலுக்கு மேலேயே செம்மண், கான்கிரீட், டைல்ஸ்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மழை பிடித்தது. ஜன்னல் தகரத்தில் தட்டி, குழாய் வழியே இரைந்து, தெருச் சாக்கடையை நிரப்பிக்கொண்டு ஓடிய அந்தச் சத்தத்துக்குக் கீழே வேறொரு சத்தம் தொடங்கி, வாயில் துணி அடைத்த மாடு கத்துவது போல விட்டு விட்டு, அவன் உள்ளங்கால் வழியாக முழங்காலுக்கு ஏறியது.

மனைவி லட்சுமி பையோடு வந்து நின்றாள்.

"என்னாங்க, கதிர்காமத்துக்கு அக்கா ஊட்டுக்குப் போயிடலாம். அதுங்க என்னியக் கூப்புடுது."

"தவள கூப்புடுதாம், இவ போறாளாம்! பாகூர் வயல்ல பூச்சி தின்னுட்டுக் கெடக்குற கழுதைக்குப் பயந்து ஊட்ட உட்டு ஓடுனா தெருவே சிரிக்கும். போய்ப் படுடி."

அவளைப் படுக்கையறைக்குள் தள்ளி வெளியே தாழிட்டான்.

"தொறங்க. கட்டிலுக்கு அடியில தரை மெத்துமெத்துன்னு இருக்கு."

"நீயும் சேந்து கத்து."

கடப்பாறையால் ஒரு டைல்ஸைப் பெயர்த்தான். அடியில் கான்கிரீட்டைக் காணோம். கொழகொழவென்று கறுப்பு வண்டல். அதில் ஒரு முதுகு அசைந்தது. அரைத்த மஞ்சளைப் பூசினாற்போல் மஞ்சள்.

"த்தூ. இதுக்கா இந்த ஆட்டம்?"

உதைத்தான். கால் உள்ளே போனது. முழங்கால் வரை. கீழே ஏதோ பாதத்தைக் கவ்வியது. கடிக்கவில்லை. மெதுவாக விழுங்கப் பார்த்தது.

உருவிக்கொண்டு சுவரோடு ஒட்டினான்.

சத்தம் நின்றிருந்தது. தரையில் இல்லை. அறைக்குள்ளும் இல்லை. மழை மட்டும்.

"லட்சுமி."

கதவைத் தட்டினான்.

"ஏய். அக்கா ஊட்டுக்கே போலாம்டி. வா."

முதல் தடவையாக அந்தக் குரலில் ஏளனம் இல்லை. தாழை நீக்கினான்.

கட்டில் பாதி சேற்றுக்குள். சுவர் வரைக்கும் மஞ்சள் முதுகுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாம் நடுவைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

நடுவில் லட்சுமி. குந்தியிருந்தாள். கைகள் முன்னால் சேற்றில். முழங்கால்கள் காதுக்கு மேலே.

அவனைப் பார்த்தாள். இமைக்கவில்லை.

அவள் கழுத்தின் இரண்டு பக்கமும், நீலமாக, மெதுவாக, உப்பத் தொடங்கியது.