தம்பி இல்லாத அக்கா

ட்ரிங்... ட்ரிங்...

கீழ்த்தள அறையில் போன் அடித்தது.

கோந்து எடுத்தாள். சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். அகதிகள் ஆதரவுக் குழுவுக்குச் சுவரொட்டி ஒட்டி ஒட்டியே சொந்தப் பெயர் அவளை விட்டுப் போய்விட்டது. இப்போது பெற்ற தாய்கூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"ஹலோ, மாணவர் உதவி மையம்."

"கதவைத் திறந்து பாரு."

வாயில் துணியை வைத்துப் பேசுகிற குரல்.

"யாருங்க பேசறது?"

"திறந்து பாருன்னேன்."

போய் இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தோள்தான் வலித்தது. வெளியே பூட்டு ஆடுகிற சத்தம் கேட்டது.

திரும்ப ஓடி வந்து ரிசீவரை எடுத்தாள்.

"மூணே கால் வரைக்கும் அது திறக்காது. அவகிட்ட சொல்லு... சொந்தத் தம்பியைக் காட்டிக்கொடுக்க நினைச்சா, ஊர்ல மிச்சம் இருக்கிறவங்களும் மிஞ்ச மாட்டாங்க."

டொக்.

கோந்துவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பெயர்ப் பொருத்தம் பார்க்கிற நேரமா அது!

மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தையல்காரி அக்கா.

எல்லை தாண்டி வந்து ஏழு மாதம் ஆகிறது. புருஷனைக் கொன்றவன் யாரென்று கண்ணால் பார்த்தவள். இன்று மூன்று மணிக்கு அடைக்கல அலுவலகத்தில் அவளுக்கு விசாரணை. ஆள் போய் நிற்காவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். அப்புறம் விமானம். இறங்குகிற இடத்தில் கொலைகாரன் காத்திருப்பான்.

மணி இரண்டு ஐந்து.

அறைக்கு ஜன்னல் கிடையாது. எட்டாத உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்பி வலை. சுவரோரம் துண்டுப் பிரசுரக் கட்டுகள், பேனர் சுருள்கள். செல்போன் இரண்டும் வெளியே கூடையில். வருகிறவர்களை யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்பது குழுவின் விதி. மேஜைப் போனோ... மாடியிலிருந்து அழைப்பு வரும், இங்கிருந்து போகாது!

கத்தினாள். கதவை உதைத்தாள். கல்லூரியே ஊர்வலத்துக்குப் போயிருந்தது. அகதிகளுக்காகத்தான்!

"யாரும்மா போன்ல?" அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"உங்க தம்பி ஆள் வெச்சிருக்கான்கா. நம்மளைப் பூட்டிட்டாங்க."

"எனக்கு ஏதும்மா தம்பி?"

கோந்து திரும்பினாள்.

"என்னக்கா சொல்றீங்க?"

"நாங்க நாலும் பொண்ணுங்க. ஆம்பளப் பிள்ளையே இல்லைன்னு எங்கப்பா சாகிற வரைக்கும் புலம்பினாரு."

"அன்னிக்கு அழுதுகிட்டே சொன்னீங்களே, தம்பிதான் கொன்னான்னு..."

"அவர் தம்பின்னேன். எங்க வீட்டுக்காரர் தம்பி. என் கொழுந்தன்."



விசாரணைக்கான ஃபாரத்தை டைப் அடித்தது கோந்துதான். அழுகைக்கு நடுவே 'அவர்' காதில் விழவில்லை. 'தம்பி' மட்டும் விழுந்தது. அப்படியே அடித்துத் தொலைத்தாள். எழுத்தில் தம்பி, வாயில் கொழுந்தன் என்றால் அதிகாரி என்ன செய்வார்? பொய் சொல்கிறாள் என்று முத்திரை குத்துவார். போன மாதம் ஒரு தேதி மாறியதற்கே ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

"மன்னிச்சுடுங்கக்கா." அழுகை வந்தது.

"நீ அழாதம்மா. அது சரி... இல்லாத தம்பியை அந்த ஆளுக்கு யாரு சொன்னது?"

கோந்துவின் அழுகை சட்டென்று நின்றது.

கொழுந்தனின் ஆள் என்றால் கொழுந்தன் என்றல்லவா சொல்லியிருப்பான்! தம்பி என்று உலகத்திலேயே ஒரே ஒரு காகிதம்தான் சொல்கிறது. ஒரே பிரதி. இன்று காலை, அக்காவுக்காக வாதாடுகிற வக்கீலம்மாவிடம் கொடுப்பதாக அதை வாங்கிக்கொண்டு போனவர்...

டொக் டொக் டொக்!

"கோந்து? உள்ளேயா இருக்கே? யாரு பூட்டினது?"

தலைவர். குழுவின் தலைவர். மேடையில் ஏறினால் அகதிகளுக்காகக் கண்ணீரே விடுவார்.

"பயப்படாதே. சாவி தேடறேன். கொஞ்சம் நேரமாகும்."

எவ்வளவு நேரம் என்று கோந்துவுக்குத் தெரியும். மூணே கால் வரைக்கும்.

அக்காவைக் கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக நிறுத்தினாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.  குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"மெதுவாத் தேடுங்க தலைவரே. அவசரமில்ல. நான் மட்டும்தான் இருக்கேன்."

வெளியே குரல் கதவுக்கு நெருங்கி வந்தது.

"அக்கா எங்கே?"

"வக்கீலம்மா ஒரு மணிக்கே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

க்ளிக்!

இரண்டே விநாடி. காணாமல் போயிருந்த சாவி அவர் பாக்கெட்டிலிருந்தே கிடைத்துவிட்டது!

கதவு உள்பக்கமாகத் திறந்தது. முகமெல்லாம் வியர்வையோடு தலைவர்.

"போயிட்டாளா? நிஜமாவா?"

"வேணும்னா பாருங்க. பையை மட்டும் அந்த பேனருக்குப் பின்னாடி விட்டுட்டுப் போயிட்டாங்க."

தலைவர் உள்ளே போய்க் குனிந்தார்.

அக்கா நழுவினாள். கோந்து பாய்ந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டைத் தொங்கவிட்டு அழுத்தினாள்.

"கோந்து, திற! எனக்கு யாரையும் தெரியாது. ஒரு ஏஜென்ட் வேலை வாங்கித் தர்றேன்னான். யாருக்காகன்னு சொல்லல. ஃபாரத்தைப் படிச்சு நானாத்தான் தம்பின்னு கண்டுபிடிச்சேன்!"

"நல்லாக் கண்டுபிடிச்சீங்க."

கூடையிலிருந்து செல்போன்களை அள்ளிக்கொண்டு இருவரும் ஓடினார்கள். ஓடிக்கொண்டே கோந்து போலீசுக்குப் பேசினாள். அக்காவுக்குச் செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இரண்டு ஐம்பத்தி இரண்டு. அலுவலக வாசலில் வக்கீலம்மா.

"எங்கே போயிட்டீங்க ரெண்டு பேரும்? உள்ள வாங்க, கூப்பிடப் போறாங்க."

கோந்து நகரவில்லை.  இவ்வளவு ஓடியதும் வீணா? உள்ளே மேஜை மேல் அந்த ஒற்றை வார்த்தை உட்கார்ந்திருக்குமே!

"மேடம், ஃபாரத்தில நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். கொழுந்தனைத் தம்பின்னு அடிச்சுட்டேன். அதிகாரி படிச்சுட்டாரா?"

"எந்த ஃபாரம்?"

"காலைல தலைவர் கொடுத்தாரே..."

"அவர் இந்தப் பக்கமே வரலையே. பரவாயில்ல, ஃபாரம் இல்லைன்னா அவங்க வாயால சொல்றதைத்தான் எழுதிப்பாங்க. ஆள் வந்தாப் போதும்."

உள்ளேயிருந்து எண்ணைக் கூப்பிட்டார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

கோந்து படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"என்னம்மா ஆச்சு?" வக்கீலம்மா பதறினாள்.

"ஒண்ணுமில்ல மேடம். மூணு வருஷமா மேடை மேடையா கத்தறாரே எங்க தலைவர்... இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு அகதிக்கு உதவி பண்ணியிருக்கார்!"