கிட்டத்துக்குத் திருப்பிய சக்கரம்

எதிர்மலையில் வெள்ளைக் கம்பங்கள் மூன்றும் பளிச்சென்று தெரிந்தன. அவற்றுக்கு நடுவே நின்ற பெண் மட்டும் கலங்கலாகத் தெரிந்தாள். ஸ்டெபானி பைனாகுலரை இறக்கி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். கம்பத்தில் அடித்த சிவப்புக் கோடுகூடத் தெரிந்தது. பக்கத்தில் நிற்கிறவளுக்கு முகம் இல்லை. ஒரே தூரத்தில் இருக்கிற இரண்டில் ஒன்று மட்டும் எப்படிக் கலங்கும்?

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தைப் போன வருஷ மண்சரிவு மூடியபின், மீதி மலையில் விழுந்த வெடிப்பையும் அதன் ஓரத்தில் நட்ட கம்பங்களையும் கவனிக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். இரத்தினபுரியிலிருந்து வந்த மண்சரிவு அதிகாரி ஸப்வான் சேர்தான் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிவிட்டுப் பழக்கினார். "நடுச் சக்கரத்த வலப்பக்கம் திருப்புனா தூரம், இடப்பக்கம் திருப்புனா கிட்டம். கைக்கெட்டுற கிட்டத்துல இருக்கிறது மட்டும் இதுல தெரியாது, வெறும் மூட்டந்தான். கம்பம் சரிஞ்சா உடனே எனக்கு ஃபோன்ல கோல் எடுங்க." மழை நாளில் கீழ் லயத்து வீடுகளெல்லாம் அவள் கண்ணை நம்பித்தான் அடுப்பு மூட்டின. பயமாக இருக்கிறது என்று வேலையைப் போட்டுவிட்டு உள்ளே போக முடியாது.

"அம்மா, தலை பின்னி விடுங்க," என்று உள்ளேயிருந்து சரோன் கூப்பிட்டாள்.

"இரும்மா, கம்பத்த பாத்துட்டு வாரேன்."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் தூறல் ஓயாமல் பொரிந்தது, றப்பர் பால் புளித்த நாற்றம் ஈரக்காற்றோடு அவள் நின்ற இஸ்தோப்புத் திண்ணைவரை ஏறி வந்தது, உள்ளே பாயில் உட்கார்ந்து சரோன் மடுவத்தில் படித்த பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டெபானி சக்கரத்தை இடப்பக்கம் மெதுவாகத் திருப்பினாள். கம்பங்கள் கரைந்தன. பெண் தெளிந்தாள். சாயம் போன பச்சைச் சேலை, இடுப்பில் செருகிய சீப்பு.

வெள்ளையம்மா. மடுவத்து ஆயம்மா.

பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பின்னி, தாய்மாரின் கையில் பிடித்துக் கொடுத்தால்தான் அவளுக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரி. சரிவு நடந்த அன்று மழை வலுத்ததும் ஸ்டெபானியின் புருஷன் மெல்வின் பின்வாசலால் போய், யாரிடமும் சொல்லாமல் சரோனைத் தூக்கி வந்துவிட்டான். வெள்ளையம்மா மற்றப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு பிள்ளையைக் காணவில்லை. சரோன், சரோன் என்று கூப்பிட்டுக்கொண்டே திரும்பி உள்ளே ஓடினாள். மண் சரிந்து மூடிய பிறகு எவ்வளவு தோண்டியும் அவள் கிடைக்கவில்லை.

வெறும் கண்ணுக்கு மலைச்சரிவில் பனிமூட்டம்தான் தெரிந்தது. கண்ணாடியில் மறுபடி பார்த்தபோது அவள் இன்னும் அங்கேதான் நின்றாள். கலங்கலாக.

இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள். தெளிந்தது.

ஸ்டெபானி விரலைச் சக்கரத்திலேயே நிறுத்தினாள். சக்கரம் எங்கே நின்றால் எவ்வளவு தூரம் என்று விரலுக்கே தெரியும். ஓடைப் பாலம், அதற்கு இப்பால் ஆட்டுப்பட்டி, வாசலுக்குக் கிட்டத் தண்ணீர்ப் பீலி என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள். இப்போது நின்றது பாலத்து இடத்தில். மலையில் நிற்கிறவள் மலையில் இல்லை.

மறுபடி கலங்கியது. திருப்பினாள். ஆட்டுப்பட்டி.

ஆடுகள் கத்தவில்லை.

இப்போது முகம் தெரிந்தது. மண் அப்பிய இமைகள். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் இல்லை, ஆனால் என்ன பெயர் என்று ஸ்டெபானிக்குத் தெரிந்துவிட்டது. பயத்தையும் மீறி அவளுக்கு அழுகை வந்தது. பாவம், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"தேடாதீங்க ஆயம்மா," என்றாள். "சரோன் நல்லா இருக்கா. உள்ளதான் இருக்கா. நீங்க போங்க."

வாய் மூடியது. மண் இமைகள் வீட்டுப் பக்கம் திரும்பின.

சொல்லியிருக்கக் கூடாது. மாதாவே, சொல்லியிருக்கவே கூடாது.

கலங்கல். திருப்பினாள். பீலி.

கலங்கல். திருப்பினாள். சக்கரம் முட்டிக்கொண்டது. அதற்கு மேல் திருப்ப இடமில்லை. கண்ணாடி நிறைய வெறும் மூட்டம். ஆள் இல்லை, சேலை இல்லை.

போய்விட்டாள். ஸ்டெபானி மூச்சை விட்டாள்.

அப்போதுதான் கைக்கெட்டுகிற கிட்டத்தைப் பற்றி ஸப்வான் சேர் சொன்னது நினைவுக்கு வந்தது.

பச்சை மண் வாடை முகத்தில் அடித்தது. ஈரத் துணி ஒன்று மணிக்கட்டில் உரசியது. சில்லென்று. கடந்து போனது.

உள்ளே பாட்டு நின்றது.

பைனாகுலர் கையிலிருந்து நழுவிக் கழுத்தில் தொங்கியது. ஸ்டெபானி திரும்பினாள். சரோன் வாசலுக்கு முதுகு காட்டிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. விரித்துக் கிடந்த தலைமுடி மூன்றாகப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நிதானமாகப் பின்னிக்கொண்டிருந்தது. பின்னல் நுனியிலிருந்து செம்மண் தண்ணீர் பாயில் சொட்டியது.

"அம்மாகிட்டயா? அம்மா இங்கதானே இருக்காங்க," என்றாள் சரோன், தலையைத் திருப்பாமல். "நாம எங்க போறோம், ஆயம்மா?"