ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் அன்று கிரிக்கெட். பதுளையிலிருந்து துரைமார் குதிரையில் வந்திருந்தார்கள். தோட்டத்து அணியில் ஓர் ஆள் குறைந்தது. அவருக்குக் காய்ச்சல்.

"வீரசிங்கம், நீ வா" என்றார் தோட்டத்துத் துரை.

வீரசிங்கம் வள்ளியம்மையின் அண்ணன். துரையின் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவன். துரை ஆடிப் பழகும்போது அவன்தான் பந்து போடுவான். அவன் கையில் யாரும் மட்டையைக் கொடுத்ததில்லை. இன்று கொடுப்பார்கள், கடைசி ஆளாக.

வள்ளியம்மைக்குப் பத்து வயது. புல்மேட்டில் முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஹுமைத். கடைக்கார இப்றாஹீம் நானாவின் பேரன். விடுமுறைக்குக் கடலோரத்துக் காலி நகரத்திலிருந்து வந்தவன்.

"அந்த வெள்ளைக் கோட்டுக்காரரு ஏன் சும்மாவே நிக்கிறாரு?"

"அவர் அம்பயர். அவுட்டா இல்லையான்னு சொல்லுவார்."

"அந்தக் குச்சிங்க?"

"பந்து பட்டு அது விழுந்தா அவுட்."

"அப்ப நல்லா ஆழமா ஊன வேண்டியதுதானே?"

ஹுமைத் யோசித்தான். காலியில் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை.

"எங்கட காலியில மைதானம் கோட்டைக்குப் பக்கத்தில" என்றான். "மதில்ல ஏறி இருந்தா இந்தப் பக்கம் ஆட்டம், அந்தப் பக்கம் கடல். ஆட்டம் சலிச்சா கப்பல் பாக்கலாம்."

"இங்க சலிச்சா?"

"மூடுபனி பாக்கலாம்."

வள்ளியம்மை பள்ளத்தாக்கைப் பார்த்தாள். மூடுபனி கீழேதான் இருந்தது. மதியத்துக்குப் பிறகு மேலே வரும்.

முதல் பந்து அந்தப் பள்ளத்தில்தான் போனது. "அது இந்நேரம் கீழ கொஸ்லாந்த ஊருக்கே போயிருக்கும்" என்றார் யாரோ. இரண்டாவது பந்தை எடுத்தார்கள். மூன்றாவது பந்து கிடையாது.

தேநீர் வேளை வந்தது. தோட்டத்து மணியைக் கழற்றி வந்து மைதான ஓரத்து மரத்தில் கட்டியிருந்தார்கள். சமையல்காரர் அதை அடித்தார்.

புல்மேட்டில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். வரிசையில் நின்றார்கள்.

தினமும் காலையில் அந்த மணி அடித்தால் அப்படித்தான் நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். கங்காணி ஆட்களை எண்ணி, கொழுந்து பறிக்க ஆளுக்கொரு நிரை கொடுப்பார். நிரை என்றால் தேயிலைச் செடிகளின் வரிசை.

கங்காணியும் எண்ணத் தொடங்கிவிட்டார்.

"ஐயா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க" என்றாள் அங்கம்மா அத்தை.

கங்காணி விரலை மடக்கியபடியே நின்றார். "தெரியும். சும்மா எண்ணிப் பாத்தேன்."

ஹுமைத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வள்ளியம்மைக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவளும் வரிசையில்தான் நின்றிருந்தாள்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. தோட்டத்து அணிக்கு இன்னும் சில ஓட்டங்கள் வேண்டும். வீரசிங்கம் பந்து படாமல் இருக்கக் காலில் காப்புக் கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தான். வாரைத் திரும்பத் திரும்ப இறுக்கினான்.

அப்போது ஒருவர் ஓங்கி அடித்தார். பந்து உயரப் போய்த் தேயிலைக்குள் விழுந்தது.

துரைமார் ஓடினார்கள். சிறுவர்கள் ஓடினார்கள். இரண்டு நாய்களும் ஓடின. ஒரே செடியை நான்கு பேர் உலுக்கினார்கள். பக்கத்துச் செடியை யாரும் பார்க்கவில்லை. பந்து கிடைக்கவில்லை.

மூடுபனி மேட்டில் ஏறத் தொடங்கியது. பதுளை அணித் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "போதும். முடித்துக்கொள்வோம்."

வீரசிங்கம் குனிந்து காப்பின் வாரை அவிழ்க்கப் போனான்.

"அவிழ்க்காதண்ணே!" என்று கத்தினாள் வள்ளியம்மை.

அவள் மரத்தடிக்கு ஓடினாள். மணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். டண், டண், டண்.

தேயிலைக்குள் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். புல்மேட்டில் இருந்தவர்கள் எழுந்தார்கள். வரிசை நின்றது.

"யாரு மணி அடிச்சது?" கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு வந்தார்.

"நான்தாங்க. ஆளுக்கொரு நிரை குடுங்க ஐயா. கொழுந்துக்கு இல்ல. பந்துக்கு."

கங்காணி அவளைப் பார்த்தார். தேயிலையைப் பார்த்தார். பிறகு வழக்கமான குரலில் தொடங்கினார். "நீ இந்த நிரை. நீ அடுத்தது. ஏய் வெள்ளைச் சட்டை, நீ அந்தக் கடைசி நிரை. பராக்குப் பாக்காத!"

வெள்ளைச் சட்டை ஹுமைத். "நான் காலி" என்றான்.

"காலியா இருந்தா என்ன? நட!"

எல்லோரும் ஒன்றாக நடந்தார்கள். ஒரு செடியும் விடவில்லை. ஹுமைத்தின் சட்டை செடிகளில் மாட்டியது. அவன் பின்தங்கினான்.

பக்கத்து நிரையில் போன அங்கம்மா அத்தையின் கை ஒரு செடிக்குள் நுழைந்தது. பந்து! எடுத்த வேகத்தில், கொழுந்தைப் போடுவதுபோல, தோளுக்கு மேலே பின்னால் எறிந்தாள்.

முதுகில் கூடை இல்லை. பந்து ஹுமைத்தின் நெஞ்சில் வந்து விழுந்தது. அவன் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அவுட்!" என்று கத்தினான்.

"யாரு தம்பி அவுட்டு? நானா?" என்று பயந்தாள் அத்தை.

பந்து மைதானத்துக்குத் திரும்பியது. அடுத்த பந்திலேயே குச்சி விழுந்தது. தோட்டத்து ஆள் அவுட். இன்னும் நான்கு ஓட்டம் வேண்டும், கடைசி ஆள்தான் மிச்சம். புல்மேடு 'அடடா' என்றது. வள்ளியம்மை மட்டும் கை தட்டினாள்.

வீரசிங்கம் மட்டையோடு நடந்து போனான். மூடுபனியில் அவன் முகம் தெரியவில்லை. ஹுமைத் முழங்காலில் எழுந்து நின்று எட்டிப் பார்த்தான்.

டக்!

"எங்க போச்சு?" என்றாள் வள்ளியம்மை.

யாருக்கும் தெரியவில்லை. பிறகு தூரத்தில் தேயிலை இலைகள் சலசலத்தன. அம்பயர் நெஞ்சுக்கு முன்னால் கையை இடவலமாக அசைத்தார்.

"நாலு ஓட்டம்!" ஹுமைத் துள்ளினான். "தோட்டம் வென்டுட்டுது!"

அண்ணன் மட்டையைத் தூக்கிக் காட்டினான்.

வள்ளியம்மை மணியைப் பார்த்தாள். அதற்கு வேலையே இருக்கவில்லை. எல்லோரும் பந்து தேட வரிசையில் நின்றுவிட்டார்கள். முதல் ஆளாக, அழுக்குச் சட்டையோடு, ஹுமைத்.