அம்மாவின் கை அளவு

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸின் முன்னறையில் கூடியிருந்தவர்கள் இவர்கள்: அப்பா தட்சிணாமூர்த்தி, மடக்கு நாற்காலியில். அப்பாவின் ஆபீஸ் நண்பர் கஸ்தூரிரங்கன் மாமா, பிரம்பு மோடாவில். எதிர்வீட்டு சேத்தி ஆண்ட்டி, வாசல் பக்கத்துப் பலகையில், மடியில் பாதி பின்னிய ஸ்வெட்டருடன். ஆறு வயதுத் தம்பி சேஷு, மேஜைக்கு அடியில். அங்கே அவனுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பதினொரு வயது ருக்கு, கோதுமை டின்னின் மேல்.

அம்மா மட்டும் உள்ளறைக் கட்டிலில் பஞ்சு அடைத்த ரஜாயைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்ததால் அவளும் கூட்டத்தில் இருந்ததாகவே வைத்துக்கொள்ளலாம்.

முந்தின வாரம் பின்பக்க முற்றத்தில் பாசி வழுக்கி அம்மா விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. முழங்கைவரை மாவுக்கட்டு. அதைப் பிரிக்க ஒன்றரை மாதமாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதுவரை யார் சமைப்பது? அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

சேத்தி ஆண்ட்டி இத்தனை நாளும் ரொட்டியும் ராஜ்மாவும் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் வீட்டிலும் சாப்பிடுகிறவர்கள் நிறைய. அப்பாவுக்குக் காப்பி மட்டும் போடத் தெரியும். திங்கட்கிழமை துணிந்து உப்புமா செய்தார். சேஷு அதைக் கரண்டியால் தட்டி, "உள்ளே யாராவது இருக்கேளா?" என்று கேட்டான்.

"நான் சொல்றதைக் கேளும் ஓய்," என்றார் கஸ்தூரிரங்கன் மாமா. "ஞாயித்துக்கிழமை ரயில்ல நான் ஊருக்குப் போறேன். ஸ்ரீரங்கத்துல உம்ம அக்கா வீடு எனக்கு அடுத்த தெருதானே? ரெண்டு குழந்தைகளையும் கொண்டுபோய் விட்டுடறேன். டிக்கெட்டுக்கு ஸ்டேஷன்ல நமக்கு ஆள் இருக்கு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொன்னா போறும்."

"ஸ்கூல் இருக்கே," என்றார் அப்பா.

"அங்கேயும் ஸ்கூல் இருக்கு. நீர் ஆபீஸ் கேண்டீன்ல சாப்பிட்டுக்கலாம். ஆத்துக்காரிக்கு ஒரு டப்பாவில வாங்கிண்டு வந்தா ஆச்சு."

அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் நெற்றியைத் தேய்த்தால் பாதி ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம்.

குஞ்சம்மாள் அத்தை நல்லவள். அவள் வீட்டுக்குப் போக ருக்குவுக்கு எப்போதும் ஆசைதான். ஆனால் இப்போது போனால்? அப்பா ஆபீஸிலிருந்து வர ஆறு மணிக்கு மேல் ஆகிவிடும். ஜனவரிக் குளிர். அதுவரை அம்மாவுக்கு ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிடுவது யார்? தலை பின்னிவிடுவது யார்?

ருக்கு கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். அம்மா இடது கையால் ரஜாயின் ஓரத்து நூலை இழுத்து இழுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சமைக்கறேன்," என்றாள் ருக்கு.

கஸ்தூரிரங்கன் மாமா சிரித்தார். "நீயா? அடுப்பு மேடை உன் தோளுக்கு இருக்குமே!"

"அவ மோடா மேல ஏறி நிப்பா," என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நீங்க எழுந்துண்டா போறும்."

சேத்தி ஆண்ட்டிக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும். அவர் பின்னுவதை நிறுத்திவிட்டு, "அச்சா! பனானே தோ, பாய் சாப். செய்து பார்க்கட்டுமே!" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளில் செலவாகிவிட்டது.

அப்பா ருக்குவின் பக்கம் திரும்பினார். "அடுப்பை நான்தான் பத்தவைப்பேன். கொதிக்கிற பாத்திரத்தை நான்தான் இறக்குவேன். சரியா?"

"சரிப்பா."

"அப்போ ஓய், சனிக்கிழமை மத்யானம் நீரும் இங்கேயே சாப்பிட வாரும். பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மந்திர் மார்க் பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் ருக்கு புத்தகப் பையை வைத்துவிட்டு அம்மாவின் கட்டிலருகே போய் நின்றாள்.

"என்ன பண்ணலாம்மா?"

"பருப்பு, மிளகு ரசம், சாதம். இதைவிடச் சுலபமா ஒண்ணும் கிடையாது." அம்மா சொல்லச் சொல்ல ருக்கு மனப்பாடம் செய்துகொண்டாள். "அரிசி நாலு பிடி. களைஞ்சு தண்ணி விட்டுட்டு, அரிசி மேல விரலை நிறுத்திப் பாரு. தண்ணி ரெண்டாவது ரேகையைத் தொடணும். பருப்பு ரெண்டு பிடி. புளி ஒரு எலுமிச்சம்பழ அளவு. மிளகும் சீரகமும் உள்ளங்கைக் குழி நிறைய. உப்பு மூணு விரலால அள்ளினா எவ்வளவு வருமோ, அவ்வளவு. ரசச் சொம்புல கழுத்துவரைக்கும் தண்ணி."

ருக்கு ஒன்றையும் மாற்றவில்லை. நான்கு பிடி என்றால் நான்கு பிடி. விரலை நிறுத்தி, ரேகையைப் பார்த்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஆபீஸிலிருந்து வந்த அப்பா அடுப்பைப் பற்றவைத்தார். கறிவேப்பிலை வெடித்தபோது வீடே மணத்தது. சேஷு சமையலறை வாசலில் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டான்.

தட்டில் விழுந்த சாதம் கலகலவென்று சத்தம் போட்டது.

அப்பா ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார். "நன்னாருக்கு," என்றார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொரு டம்ளர்.

சேஷு ரசத்தை உறிஞ்சினான். முகத்தைச் சுளித்தான். "இது ரசம் இல்லே. ரசம் குளிச்ச தண்ணி."

"சேஷு!" என்று அதட்டினார் அப்பா.

"சாதமும் சீக்கிரம் தீந்துடுத்து. எனக்கு இன்னும் பசிக்கறது."

ருக்கு ஒரு கிண்ணத்தில் ரசத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தாள். அம்மா நாக்கில் வைத்து யோசித்தாள்.

"புளி சரியா இருக்கு. உறைப்பும் இல்லே, உப்பும் இல்லே. நான் சொன்னபடிதானே பண்ணினே?"

"அப்படியேதான்மா."

"எதையாவது மறந்திருப்பே."

"மறக்கலைம்மா," என்றாள் ருக்கு. தப்பாகச் செய்து தப்பாக வந்திருந்தால் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். சரியாகச் செய்தும் தப்பாக வந்தால் எதைத் திருத்துவது?

அன்று அப்பா பரண்மேலிருந்து சிறிய பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார்.

சனிக்கிழமை காலை. இரண்டாவது சனிக்கிழமை என்பதால் அப்பாவுக்கும் ஆபீஸ் கிடையாது. அம்மா கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குளிரில் அவள் இடது கை வறண்டு வெடித்திருந்தது. ஒரு கைக்கு மருந்து தடவ மறு கை வேண்டுமே!

ருக்கு வாஸலின் டப்பாவை எடுத்து வந்து அம்மாவின் உள்ளங்கையில் தடவ ஆரம்பித்தாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஊருக்குப் போனா அத்தையைப் படுத்தாதே, ருக்கு. சேஷுவுக்கு ராத்திரி போர்வையைச் சரியா இழுத்து விடு."

ருக்கு தன் கையை அம்மாவின் கைமேல் வைத்தாள். வைத்தவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் அம்மாவின் விரல்களில் முக்கால்வாசிதான் எட்டின. அம்மாவின் உள்ளங்கைக் குழியில் அவளுடைய குழி இரண்டு அடங்கும்.

புளி மட்டும் எப்படிச் சரியாக இருந்தது? எலுமிச்சம்பழ அளவு என்றல்லவா அம்மா சொன்னாள்? எலுமிச்சம்பழம் யார் கையில் இருந்தாலும் எலுமிச்சம்பழம்தானே!

"அம்மா!" ருக்கு நிமிர்ந்தாள். "ஒரு பிடின்னா யாரோட பிடி?"

"யாரோடன்னா? கையால அள்ளற பிடிதான்."

"உன் கையா, என் கையா?"

அம்மா கண்ணைத் திறந்தாள். தன் கையைப் பார்த்தாள். அதன்மேல் இருந்த சின்னக் கையைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"அசடு நான்! இத்தனை வருஷம் கை சமைச்சுது, நான் வேடிக்கை பாத்திருக்கேன். ரசச் சொம்பு என் அளவு, மிளகும் உப்பும் உன் அளவு. தண்ணியாத்தான் இருக்கும்!"

"ரேகையும்தான்மா. என் விரல் குட்டை. அதான் சாதம் வேகலை. எழுந்து வரியா?"

அப்பா மோடாவைச் சமையலறைக்குள் கொண்டுவந்து போட்டார். அம்மா உட்கார்ந்து இடது கையால் அரிசி டின்னிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். ருக்கு இருந்ததிலேயே குட்டியான காப்பி டம்ளரை நீட்டினாள். டம்ளரின் விளிம்புவரை அரிசி வந்து நின்றது.

"அப்போ ஒரு பிடின்னா ஒரு டம்ளர்," என்றாள் ருக்கு.

உப்பை அம்மா மூன்று விரலால் அள்ளி ஒரு ஸ்பூனில் போட்டாள். ஸ்பூன் நிறைந்தது. மிளகும் சீரகமும் குழந்தைக்கு மருந்து ஊற்றும் சங்கில் சரியாக அடங்கின. அம்மாவின் விரல் ரேகையை மரக்கரண்டியின் காம்போடு சேர்த்துப் பிடித்து, அப்பாவின் ஆபீஸ் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டாள் ருக்கு.

"அரசாங்கப் பென்சில்," என்றார் அப்பா.

"ரசத்துக்கு அரசாங்கம் உதவக் கூடாதா?" என்றாள் அம்மா.

சேஷு முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினான். கல்லையெல்லாம் ஒரு தீப்பெட்டியில் சேர்த்துக்கொண்டான். எதற்கென்று கேட்டதற்கு, "யார் அதிகம் சேக்கறான்னு எங்க கிளாஸ் ஹர்ப்ரீத்தோட போட்டி," என்றான்.

மத்தியானம் கஸ்தூரிரங்கன் மாமா மப்ளரை அவிழ்த்தபடியே வந்தார். "நான் வர வழியில ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டுட்டேன், ஓய். எதுக்கும் இருக்கட்டும்னு."

சேத்தி ஆண்ட்டி ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவந்தார். தரையில் தட்டுகள் போட்டாயிற்று. சாதம், பருப்பு, ஒரு துளி நெய், மிளகு ரசம், அப்பா சுட்ட அப்பளம். அவ்வளவுதான். அப்பளம் ஒரு பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது.

மாமா பருப்பு சாதத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். ரசம் விட்டுப் பிசைந்தார். கண்ணைத் தட்டிலிருந்து எடுக்கவே இல்லை. ருக்கு ரசக் கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தாள்.

மாமா தட்டை ஒரு ஓரமாகச் சாய்த்து மிச்ச ரசத்தை வழித்துக் குடித்தார். பிறகு கையைக் குவித்து நீட்டினார்.

"இதுல கொஞ்சம் விடும்மா."

விட்டாள். குடித்தார். "இன்னும் கொஞ்சம்."

"வாழைப்பழம் சாப்பிட்டேளே?" என்றான் சேஷு.

"அது வேற வயிறுடா."

சேத்தி ஆண்ட்டிக்கு மிளகு மூக்கில் ஏறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிய, "பஹுத் படியா, பேட்டி!" என்று ருக்குவின் முதுகைத் தட்டிப் பாராட்டினார். ஜலதோஷத்துக்கு நல்லது என்று சொல்லி ஒரு கிளாஸ் நிறைய வீட்டுக்கும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அப்பா சாப்பிட்டு முடித்துக் கையலம்பி வந்தார். முகத்தில் இன்னும் கவலை இருந்தது. "இன்னிக்கு நன்னா வந்துடுத்து, ருக்கு. ஆனா தினமும்? நீ ஸ்கூலுக்குப் போகவேண்டாமா? கார்த்தாலே யார் பண்றது?"

"நீதான்பா."

"நானா?"

"டம்ளர் இருக்கே. அரிசி நாலு டம்ளர். தண்ணி கரண்டிக் கோடு வரைக்கும். இதுக்கு என் கையும் வேண்டாம், அம்மா கையும் வேண்டாம். யார் வேணா பண்ணலாம். கார்த்தாலே நீ சாதம் வை. சாயங்காலம் நீ வந்தப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து ரசம் வைக்கலாம். சேஷு கல் பொறுக்குவான்."

"உப்புமா?" என்று கேட்டான் சேஷு பயத்தோடு.

"உப்புமா கிடையாது," என்றாள் அம்மா. சமையலறை மோடாவில் உட்கார்ந்தபடியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "ஏண்ணா, குழந்தைகள் இங்கேயே இருக்கட்டும். அவா இல்லேன்னா எனக்கு இந்தக் கட்டு பிரியறதுக்குள்ள வருஷம் ஆயிடும்."

அப்பா நெற்றியைத் தேய்க்கவில்லை. கஸ்தூரிரங்கன் மாமாவைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீர்? நான் ஸ்டேஷன் ஆளைப் பாக்கப் போறதில்லே. நாளைக்கு வழிக்குக் கொஞ்சம் ரசம் கிடைக்குமான்னு யோசிச்சிண்டிருக்கேன்," என்றார் மாமா. "உம்ம அக்காவுக்கு ஒரு வார்த்தை எழுதிக் குடும். நேர்லேயே சேத்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ருக்கு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். 'அத்தைக்கு அநேக நமஸ்காரம். இங்கு அனைவரும் க்ஷேமம். நாங்கள் இப்போது வரவில்லை. கோடை விடுமுறைக்கு வருகிறோம். அப்பா சாதம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். இன்று காலை கொஞ்சம் குழைந்துவிட்டது, ஆனால் சாப்பிடலாம்.'

அம்மா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். அனந்தலக்ஷ்மி என்ற பெயர் காகிதத்தின் குறுக்கே மலையேறி இறங்கியது. சேஷுவும் பென்சிலை வாங்கி, 'நான் கல் பொருக்குகிறேன்' என்று பெரிதாக எழுதினான். எழுத்துப் பிழையை ருக்கு பார்த்தாள். திருத்தாமல் விட்டுவிட்டாள்.

கவரை ஒட்டப் பார்த்தால் ஓரத்தில் பசையே இல்லை. மாமாவின் ஸ்கூட்டர் ரிக்ஷா வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.

"ஜல்தி, ஜல்தி!" என்று கத்தினான் டிரைவர்.

ருக்கு சமையலறைக்கு ஓடி, காலையில் அப்பா வைத்த சாதத்தில் நான்கு பருக்கை எடுத்து வந்தாள். கவர் ஓரத்தில் வைத்து விரலால் தேய்த்தாள். சாதம் வெண்ணெய் மாதிரி மசிந்து ஒட்டிக்கொண்டது. சேஷு இரண்டு கட்டைவிரலாலும் அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"போறும்டா, ரயில் போயிடும்," என்று சொல்லிக் கவரை வாங்கி, கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கஸ்தூரிரங்கன் மாமா ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினார்.